புளியங்கொட்டை போக்கரும் ஒரு கணக்கு நோட்டும்

ரம்மி ஆடிப் பழகியவர்களைக் கவனித்திருப்பீர்கள். பதின்மூன்று சீட்டும் கைக்கு வந்ததும், தன் சீட்டைச் சேர்த்து அடுக்குவதற்கு முன்பே எதிரே இருப்பவர் முகத்தை ஒருதரம் பார்த்துவிடுவார்கள். அந்தப் பார்வைக்குப் பின்னால் ஒரு கணக்கு ஓடுகிறது. இவர் கை கொஞ்சம் சுமாராக இருந்தாலே இருபது புள்ளியோடு டிராப் போட்டுவிட்டுப் போய்விடுவார். அவர் எண்பது வாங்கினாலும் வாங்குவாரே தவிர சீட்டைக் கீழே வைக்க மாட்டார். இன்னொருவருக்கு ஜோக்கர் வந்தால்தான் ஆட்டமே. வருஷக்கணக்கில் கூட உட்கார்ந்து ஆடியதில் மனதில் படிந்த கணக்கு இது. எப்படித் தெரியும் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, ஆனால் தப்பாது என்று சத்தியம் செய்வார்கள்.

தப்புகிறதா இல்லையா என்று எழுதிவைத்துப் பார்த்தவர்கள் போக்கர்காரர்கள். 2000களின் தொடக்கத்தில் அந்த ஆட்டம் இணையத்தில் பரவியபோது, ஆடிய ஒவ்வொரு கையும் கணினியில் பதிவாகத் தொடங்கியது. அந்தப் பதிவுகளை வாரிச் சேர்த்து எதிராளி ஒவ்வொருவருக்கும் ஜாதகம் கணித்துக் கொடுக்கும் மென்பொருள்கள் வந்தன. போக்கர் டிராக்கர் அவற்றில் பேர்போனது. அதை இயக்கினால் மேஜையில் ஒவ்வொருவர் பெயருக்குப் பக்கத்திலும் சின்னச் சின்ன எண்கள் மிதக்கும். அந்த எண்களை வாசிப்பது ஒரு தனிக் கலை. போக்கர் ஆடாதவர்களும் ரசிக்கக்கூடிய கலை என்பது என் அபிப்பிராயம்.

நான் அதைக் கணினித் திரையில் கற்கவில்லை. திருவண்ணாமலை செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைத் தாண்டி, ரமணா நகர்த் தெரு ஒன்றில் இருக்கும் மொட்டை மாடியில் கற்றேன். அங்கே வாரத்துக்கு ஓரிரு மாலை போக்கர் நடக்கும். பௌர்ணமியன்று கிடையாது. அன்றைக்குக் கிரிவலக் கூட்டத்தில் தெருவைக் கடந்து மாடி ஏறுவதே பெரும்பாடு. பணம் கிடையாது, புளியங்கொட்டைதான். ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலிலிருந்து ஆளுக்கு இருநூறு எண்ணிக் கொடுப்பார்கள். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர், மருந்துக்கடை வைத்திருப்பவர் ஒருவர், மார்கழி சீசனுக்கு வந்து பங்குனி வெயில் ஏறுவதற்குள் கிளம்பிவிடும் ஜெர்மன்காரர் ஒருவர், அவ்வப்போது வேறு சிலர். எண் பைத்தியத்தைக் கொண்டுவந்தவர் ஜெர்மன்காரர். அதை நோட்டில் ஏற்றியவர் வாத்தியார்.

நோட்டில் ஆளுக்கு ஒரு பக்கம். நாலு கோடு நிமிர்ந்து, ஐந்தாவது குறுக்கே. முதலில் இரண்டே கட்டம்: "வந்தார்", "ஏற்றினார்".

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. உலகம் முழுக்க ஆடப்படும் டெக்சாஸ் ஹோல்டெமில் ஆளுக்கு இரண்டு சீட்டு, அடுத்தவருக்குத் தெரியாமல். மேஜை நடுவில் ஐந்து சீட்டு, எல்லாருக்கும் பொது. ஆட்டம் தொடங்க இரண்டு பேர் மட்டும் கட்டாயமாகக் கொஞ்சம் வைத்தாக வேண்டும். மற்றவர்கள் தங்கள் இரண்டு சீட்டைப் பார்த்துவிட்டுக் கவிழ்த்துவிடலாம், வைத்ததற்குச் சமமாக வைத்து உள்ளே வரலாம், அல்லது ஏற்றலாம். நூறு கையில் ஒருவர் எத்தனை தடவை தன் இஷ்டத்தில் உள்ளே வருகிறார் என்பது முதல் எண். போக்கர்காரர்கள் இதை விபிப் என்பார்கள். அதில் எத்தனை தடவை ஏற்றிக்கொண்டு வருகிறார் என்பது இரண்டாவது எண்.

மருந்துக்கடைக்காரரின் பக்கத்தில் இருந்தது 48, 5. வாத்தியாருக்கு 14, 11. ஜெர்மன்காரருக்கு 24, 19.

எண்களைத் தனித்தனியாகப் பார்த்தால் ரசம் இல்லை. ரசம் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில் இருக்கிறது. மருந்துக்கடைக்காரர் இரண்டு கைக்கு ஒரு கை உள்ளே வருகிறார், ஆனால் அநேகமாக ஏற்றுவதே இல்லை. வேடிக்கை பார்க்க வருகிறார். அடுத்த சீட்டு என்ன விழும் என்று தெரியாமல் அவரால் இருக்க முடியாது. வாத்தியார் அபூர்வமாக வருகிறார், வந்தால் பெரும்பாலும் ஏற்றிக்கொண்டுதான் வருகிறார். ஜெர்மன்காரரும் அதே ரகம், கொஞ்சம் தாராளம். மூன்று பேரின் சுபாவமும் ஆறு எண்ணில் வந்துவிட்டது. அவர்களை நேரில் அறிந்த எனக்கு இதில் ஒரு எண்ணைக்கூட மாற்றத் தோன்றவில்லை.

இனி அந்த 5-ஐ மட்டும் எடுத்துக்கொள்வோம். ஐம்பத்திரண்டு சீட்டில் இரண்டிரண்டாக 1326 விதத்தில் கை அமையும். அதில் நூற்றுக்கு ஐந்து என்றால் ஏறக்குறைய 66. பத்து ஜோடியிலிருந்து ஆஸ் ஜோடி வரை ஐந்து ஜோடிகள், ஜோடிக்கு ஆறு விதம், ஆக முப்பது. ஆஸும் ராஜாவும் சேர்வது பதினாறு விதம், ஆஸும் ராணியும் இன்னொரு பதினாறு. கூட்டினால் 62. அவ்வளவுதான், கோட்டா தீர்ந்துபோயிற்று! மருந்துக்கடைக்காரர் என்றைக்காவது ஏற்றினால் அவர் கையில் இருப்பது கிட்டத்தட்ட இந்தப் பட்டியலுக்குள் அடங்கிவிடும். சீட்டைத் திருப்பிக் காட்ட வேண்டியதில்லை. வாத்தியார் இதைத் தாளில் போட்டுக் காட்டிய மாலையில் இருந்து, மருந்துக்கடைக்காரர் ஏற்றியதும் மேஜையே மரியாதையாகக் கவிழ்த்துவிடும். பாவம், ஆஸ் ஜோடி வந்தும் அவருக்கு நாலு கொட்டைக்கு மேல் தேறாது.

இதைவிட நுட்பமான இன்பம், ஒரே எண்ணை உடைத்துப் பார்ப்பதில். போக்கரில் கடைசியாகப் பேசுகிற இடம் பெரிய வரம். எல்லாரும் என்ன செய்தார்கள் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். முதலில் பேசுகிறவருக்கு அந்த வசதி இல்லை. நன்றாக ஆடுகிறவர் முதல் இடத்தில் கஞ்சனாகவும் கடைசி இடத்தில் தாராளமாகவும் இருப்பார். ஜெர்மன்காரரின் 24-ஐ உட்காரும் இடத்தை வைத்துப் பிரித்தபோது முதல் இடத்தில் 14, கடைசி இடத்தில் 41 என்று வந்தது. வாத்தியாரின் 14-ஐப் பிரித்தால் எங்கும் 14தான். அவர் சீட்டை மட்டும் பார்க்கிறார், நாற்காலியைப் பார்ப்பதில்லை. மேலுக்கு இருவரும் நிதான ஆட்டக்காரர்கள். உள்ளே ஒருவர் ஆட்டத்தை அறிந்தவர், மற்றவர் பொறுமைசாலி. இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியவே தெரியாது, நோட்டில்தான் தெரியும்.

எண்ணை வைத்து என்ன செய்வது என்பதற்கும் ஒரு கணக்கைப் பார்த்துவிடலாம். நடுவில் நூறு கொட்டை குவிந்திருக்கிறது. நீங்கள் ஐம்பது வைக்கிறீர்கள், உங்கள் கையில் ஒன்றுமில்லை. எதிராளி மூன்று தடவைக்கு ஒரு தடவை கவிழ்த்தாலே உங்களுக்கு நஷ்டமில்லை. அவருடைய பக்கத்தில் இந்த மாதிரி நேரத்தில் நூற்றுக்கு அறுபது தடவை கவிழ்க்கிறார் என்று எழுதியிருந்தால், அறுபது தடவை நூறு நூறாக வருகிறது, நாற்பது தடவை ஐம்பது ஐம்பதாகப் போகிறது. தடவைக்குச் சராசரி நாற்பது கொட்டை லாபம், சீட்டைப் பார்க்காமலே. ஆனால் இதே வேலையை மருந்துக்கடைக்காரரிடம் செய்தால் கொட்டை பறிபோகும். அவர் கவிழ்க்கிற ஜாதி இல்லை, கடைசிச் சீட்டு வரை வந்து உங்கள் கையைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் ஓய்வார். அவரிடம் புளுகக் கூடாது. நல்ல கை வந்தால் மட்டும் வைக்க வேண்டும், அதுவும் தாராளமாக.

இங்கேதான் அரைகுறை ரசிகர்கள் சறுக்குகிறார்கள். முப்பது கை பார்த்துவிட்டு "இவர் 25" என்பார்கள். முப்பது கையில் கிடைத்த 25 என்பது உண்மையில் பத்தாகவும் இருக்கலாம், நாற்பதாகவும் இருக்கலாம். நூறு கையில் 17-க்கும் 33-க்கும் நடுவே எங்கோ இருக்கிறது என்று சொல்லலாம். ஆயிரம் கை ஆனால்தான் 22-க்கும் 28-க்கும் நடுவில் வந்து நிற்கும். இணையத்தில் ஒரே நேரத்தில் நாலு மேஜையில் ஆடுகிறவர் ஒரு மணி நேரத்தில் முந்நூறு கை பார்த்துவிடுவார். மொட்டை மாடியில் டீயும் பேச்சுமாக மணிக்கு இருபது கை ஆடினாலே அதிகம். ஆயிரம் கைக்கு ஐம்பது மணி நேரம். அதுவரை கண்தான் துணை. எண் வளர வளரக் கண்ணை அதன் பக்கத்தில் வைத்துச் சரிபார்ப்பது, இரண்டும் முரண்படுகிற இடத்தில் யாரை நம்புவது என்று தீர்மானிப்பது, இதுதான் கலை. மற்றதெல்லாம் வகுத்தல் கணக்கு.

எண் வைத்து வாசிக்கிறவரை ஏமாற்றுவதும் ஒரு கலைதான். இதற்கு எனக்குத் தெரிந்த அழகான உதாரணம் போக்கரில் இல்லை, சதுரங்கத்தில் இருக்கிறது. உதாரண புருஷரும் நம்ம சென்னைக்காரர். 2008 அக்டோபரில் ஜெர்மனியின் பான் நகரில் கிராம்னிக்குடன் உலகப் பட்டத்துக்கு ஆடினார் விஸ்வநாதன் ஆனந்த். வெள்ளைக் காய் கிடைத்தால் ராஜாவுக்கு முன்னாலுள்ள சிப்பாயைத்தான் நகர்த்துவார் என்பது அவரைப் பற்றி உலகத்துக்கே தெரிந்த புள்ளிவிவரம், ஆயிரக்கணக்கான ஆட்டங்களின் பதிவிலிருந்து எடுத்தது. கிராம்னிக் தரப்பு அதை நம்பித் தயாராகி வந்தது. முதன்முறை வெள்ளைக் காய் கிடைத்த இரண்டாவது ஆட்டத்தில் ஆனந்த் ராணிக்கு முன்னாலுள்ள சிப்பாயை நகர்த்தினார். கறுப்புக் காயிலும் எதிர்பாராத பாதையில் போய் மூன்றாவது, ஐந்தாவது ஆட்டங்களை வென்றார். முடிவு 6½–4½. தன்னைப் பற்றி எதிராளி வைத்திருக்கும் நோட்டை அவர் வாசித்திருந்தார்.

இயந்திரங்கள் வேறு வழியில் போயின. 2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க்கில், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ரேட்டஸ் என்ற நிரல், தேர்ந்த நாலு ஆட்டக்காரர்களை ஒற்றைக்கு ஒற்றை ஆட்டத்தில் மொத்தம் 1,20,000 கைகளில் தோற்கடித்தது. அது எதிராளிகளின் பலவீனத்தைத் தேடவில்லை. பகலில் அவர்கள் தன்னிடம் எந்த ஓட்டையைக் கண்டுபிடித்துக் குத்தினார்களோ, அதை இரவில் உட்கார்ந்து அடைத்தது. அடுத்த நாள் அந்த ஓட்டை இருக்காது.

வாத்தியாரும் கடைசியில் அந்த வழிக்கு வந்தார். ஒரு நாள் தன் பக்கத்தைத் தானே எடுத்துப் பிரித்துப் போட்டார், இடத்தை வைத்து அல்ல, நேரத்தை வைத்து. பெரிய கை ஒன்றைத் தோற்ற பிறகு வரும் அடுத்த இருபது கைகளை மட்டும் தனியாகச் சேர்த்தார். அந்தக் கைகளில் அவருடைய 14, முப்பதுக்கு மேலே ஏறியிருந்தது. "எனக்குக் கோபமே வராதுன்னு நெனச்சிட்டிருந்தேன்யா" என்றார். ஆசிரமத்துக்குக் கூப்பிடு தூரத்தில் உட்கார்ந்துகொண்டு இதை அங்கே கேட்கப்படும் 'நான் யார்' என்ற கேள்வியோடு முடிச்சுப் போடுவது சுலபம். போட மாட்டேன், பகவானைப் புளியங்கொட்டைக்கு இழுப்பது நியாயமில்லை.

பணத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ரம்மி திறமை ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1967-லேயே சொன்னது. 2022-ல் நீதிபதி கே. சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பின் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டம், ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டுப் பட்டியலில் வைத்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஏற்று, பட்டியலை மட்டும் ரத்து செய்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்விக்கே போகாமல், பணம் கட்டி இணையத்தில் ஆடுவதை மொத்தமாகத் தடை செய்துவிட்டது. திறமையா அதிர்ஷ்டமா என்றால், முப்பது கைக்கு அதிர்ஷ்டம், முப்பதாயிரம் கைக்குத் திறமை என்பேன். பணம் தொலைத்த வீடுகளின் கதை இதில்தான் இருக்கிறது. தொலைத்தவர் முப்பது கையை நம்பி உட்கார்ந்தார், எதிரே இருந்தவரிடம் அவரைப் பற்றி நோட்டு இருந்தது. எண் வாசிக்கும் கலையை இத்தனை புகழ்ந்துவிட்டு நான் தடையை ஆதரிப்பது சிலருக்கு விசித்திரமாகப் படலாம். எனக்குப் படவில்லை.

உங்கள் வீட்டில் சீட்டுக்கட்டும் நாலு பேரும் ஒரு நோட்டும் இருந்தால் ஆரம்பித்துப் பாருங்கள். இரண்டு கட்டம் போதும், வந்தார், ஏற்றினார். முந்நூறு கை தாண்டும்வரை மூன்றாவது கட்டம் போடாதீர்கள். முதல் பக்கத்தில் உங்கள் பெயரை எழுதுங்கள். கோடு போடும் வேலையை மட்டும் அடுத்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.