அசையாப் பலகையில் அசைவு

கயிற்றை அரவென மயங்குதல் நம் தத்துவ நூலார் பெரிதும் எடுத்தாளும் உவமை. விளக்கொளியில் கயிறு கயிறே எனத் தெளிந்ததும் அரவு மறையும். ஆயின், தெளிவு பிறந்த பின்னும் மறையாத மயக்கமும் உண்டு. பிறிட்ஜெற் றைலி என்னும் ஆங்கில ஓவியர் 1963இல் தீட்டிய ‘வீழ்ச்சி’ அத்தகையது.

இலண்டன் ரேற் கலைக்கூடத்துக்குரிய இவ்வோவியம் ஏறத்தாழ 141 சென்ரிமீற்றர் உயரமும் 140 சென்ரிமீற்றர் அகலமும் உடையது. ஒரே வளைகோடு கருமையும் வெண்மையுமாகத் திரும்பத் திரும்ப வருகின்றது. மேற்பகுதியில் அஃது அகன்ற வளைவாக அமைதியுடன் இறங்குகின்றது; கீழே செல்லச் செல்ல வளைவுகள் குறுகி நெருங்குகின்றன. நோக்குவோர்க்கோ பலகை நீர்ப்பரப்பெனத் ததும்புகின்றது. கோடுகள் அசையவில்லை என நன்கறிந்தும் அத்தோற்றம் ஒழிவதில்லை.

காரணம் யாது? ஒரு புள்ளியை உறுத்து நோக்கும்போதும் கண் முற்றிலும் ஓய்வதில்லை. நுண்ணிய அசைவுகள் அதற்கு இயல்பு. பொதுவாக நாம் அவற்றை உணர்வதில்லை. கருங்கோடும் வெண்கோடும் நெருங்கி நிற்குமிடத்தோ, விழித்திரையில் விழும் உரு அவ்வசைவுகளால் இடையறாது பெயர்கின்றது. அப்பெயர்ச்சியே ஓவியத்தின் அசைவாகத் தோன்றுகின்றது என ஆய்வாளர் பலர் விளக்குவர்.

இதுகொண்டு, இவ்வகை ஓவியம் கண்கட்டு வித்தையேயன்றிக் கலையன்று என்பாரும் உளர். 1965இல் நியூயோர்க் நவீன கலைக் காட்சிச்சாலை இத்தகைய ஓவியங்களைத் திரட்டிக் காட்டியபோதும் இக்குற்றச்சாட்டு எழுந்தது. அது பொருந்துமா என்பதை ஓர் ஒப்பீட்டால் ஆராய்வோம்.

யப்பானிய உளநூலறிஞர் அக்கியோஷி கித்தவோக்கா 2003இல் ஆக்கிய ‘சுழலும் பாம்புகள்’ என்ற படத்திலும் அசையா வட்டங்கள் சுழல்வனபோல் தோன்றும். நாம் உறுத்து நோக்கும் வட்டம் ஓய, அயலிலுள்ளவை சுழலும். ஆய்வுக்கு அரிய படம் அது. எனினும், எவ்வட்டத்தை நோக்கினும் நிகழ்வது ஒன்றே. அச்சுழற்சிக்குத் தொடக்கமும் இல்லை, வளர்ச்சியும் இல்லை. ‘வீழ்ச்சி’யிலோ அமைதி முன்னும் கலக்கம் பின்னுமாக ஓர் ஒழுங்கு உண்டு. மேலுள்ள அமைதியே கீழுள்ள கொந்தளிப்புக்கு அளவுகோலாகின்றது. இசைவாணர்க்கு ஒலி எத்தகையதோ, இவ்வோவியர்க்கு மயக்கமும் அத்தகையது: அது கருவியே, பயன் அன்று.

குறையும் இல்லாமலில்லை. கீழ்ப்பகுதியின் நெருக்கம் கண்ணை வருத்துவது. நெடிது நோக்க விடாதது. சிறு அச்சுப்படங்களில் கண்டு இதன் தரத்தை மதிப்பிடுதலும் தகாது.

காட்சியளவையைக் கற்கும் நம் மாணவர் இவ்வோவியத்தையும் கயிற்றரவின் அருகே வைத்து ஆராய்தல் நன்று. கயிற்றரவில் பிழைத்தது அறிவு. ஆதலின் அறிவு திருந்தியதும் மயக்கம் நீங்கிற்று. இங்கு அறிவு பிழைக்கவில்லை; கண் தன் தொழிலை இயல்பாகச் செய்கின்றது. அத்தொழிலையே நமக்குக் காட்டித் தருதல் இவ்வோவியத்தின் சிறப்பாகும்.