எழவு வீட்டில் விட்டுப்போனது

எங்க ஊர்ல எழவு விழுந்தா கெழவிகள் ஒப்பாரியில் செத்தவனை வாழ்த்தி மட்டும் பாட மாட்டார்கள். குடித்துக் கெடுத்தது, கட்டினவளை அடித்தது, கடனை வச்சிட்டுப் போனது எல்லாம் வரும். அழுகையும் ஏச்சும் சேர்ந்து வந்தால்தான் அங்கே ஒரு ஆள் தெரிவான். அச்சில் வருகிற அஞ்சலிகளில் இந்த ஆள்தான் காணாமல் போகிறார்.

2024 நவம்பர் 13 அன்று ராஜ்கௌதமன் இறந்தார். நான் படித்த அஞ்சலிகளில் பலவும் ஒரே அச்சு. 1950இல் புதுப்பட்டியில் பிறந்தவர், பாமாவின் அண்ணன், தமிழ்ப் பேராசிரியர், தலித் சிந்தனையாளர், ஈடுசெய்ய முடியாத இழப்பு. 'தலித்' என்ற சொல்லை முன்னால் ஒட்டிவிட்டால் புத்தகங்களைப் படிக்க வேண்டியதில்லை என்று இவர்களுக்கு ஒரு நினைப்பு. அவர் அ. மாதவையாவை ஆராய்ந்தார், வள்ளலாரை எழுதினார், அயோத்திதாசரை எழுதினார். இதையெல்லாம் எந்தச் சேரிக்குள் அடைப்பது?

எம்.ஏ. வகுப்பில் எங்களுக்குச் சங்க இலக்கியம் பொற்காலம். வீரம், கொடை, கற்பு என்று மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கினோம். பிறகு 'பாட்டும் தொகையும் தொல்காப்பியமும் தமிழ்ச் சமூக உருவாக்கமும்' கைக்கு வந்தது. இனக்குழு வாழ்க்கை நொறுங்கி வேந்தர்கள் எழும்பியபோது இந்த விழுமியங்கள் யாருடைய அதிகாரத்துக்கு வேலை பார்த்தன என்று அந்த ஆள் கேட்டுக்கொண்டே போகிறார். ஒட்டுமொத்தத் தமிழ் மரபையும் தலித் இருப்பிலிருந்து கேள்வி கேட்டவரைத் தலித்துகளுக்கு மட்டுமான அறிஞராகச் சுருக்குவதும் தீண்டாமைதான்.

'சிலுவைராஜ் சரித்திர'த்தையும் வறுமைக் கதையாக்கி உச்சுக்கொட்டுகிறார்கள். அந்த நாவல் பரிதாபம் கேட்கவில்லை, சிரிக்கிறது. முதலில் தன்னைப் பார்த்தே சிரிக்கிறது. கிறிஸ்தவனாகப் பிறந்த சிலுவை கடைசியில் வேலைக்காக இந்துவாக மாறுகிறான். கிறிஸ்தவ தலித்துகளைப் பட்டியல் சாதிக்கு வெளியே நிறுத்திய ஜனாதிபதி ஆணையும் அதே 1950தான். மதம், அரசு இரண்டின் வேஷத்தையும் ஒரே இடத்தில் கலைத்துப்போட்ட எழுத்து அது. அஞ்சலி எழுதினவர்கள் அந்தப் பக்கமே போகவில்லை.

நம்ம ஆட்களும் யோக்கியமில்லை. ஃபிளெக்ஸ் அடித்தோம், மாலை போட்டோம், வீரவணக்கம் சொன்னோம். ஒரு கூட்டத்தில் நானும் பத்து நிமிஷம் பேசினேன், புகழ்ந்து மட்டும். எனக்கு அவரோடு ஒரு சண்டை உண்டு. ஜெர்மெய்ன் கிரீரைப் 'பாலற்ற பெண்பால்' என்று தமிழுக்குக் கொண்டுவந்தவர் அவர். ஆனால் சிலுவையின் கதையில் பெண்கள் பெரும்பாலும் அவன் பார்வைக்குள்ளேதான் வந்து போகிறார்கள். 'கருக்கு' படித்த கையோடு இதைப் படித்தால், அங்கே வேலைக்காட்டில் வாய் ஓயாமல் பேசின பொம்பளைகளை இங்கே தேட வேண்டியிருக்கிறது. அன்றைக்கு மேடையிலேயே இதைக் கேட்டிருக்கலாம். எழவுல எதுக்கு என்று விட்டுவிட்டேன்.