காதலன் கேட்காத பணம்

பாலிக் புலாவில் லக்சா கடை மேசையில் எதிரே இருந்த அக்கா கைப்பேசியைத் திருப்பிக் காட்டினார். “ஹேவ் யூ ஈட்டன், டியர்?” எழுதியவர் கடல் நடுவே எண்ணெய்த் தளத்தில் வேலை பார்க்கும் ஸ்காட்லாந்து எஞ்சினியராம். எந்த ஸ்காட்லாந்துக்காரன் தினமும் மத்தியானம் சாப்பிட்டாயா என்று கேட்பான்? இது நம்மூர்க் கேள்வி. மலாய்க்காரரும் சீனரும்கூட இப்படித்தான் கேட்பார்கள்.

லவ் ஸ்கேம் ஆசாமியை இங்கிலீஷ் பிழையே காட்டிக்கொடுத்துவிடும் என்பார்கள். பிழையும் ஒரு தந்திரமே என்பாரும் உண்டு. மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் கோர்மாக் ஹெர்லி 2012-இல் சொன்னதை அவர்கள் ஆதாரமாகக் காட்டுவார்கள்: நைஜீரிய மின்னஞ்சல்காரன் நம்ப முடியாத கதையை வேண்டுமென்றே விடுகிறான், விவரமானவர்கள் முதலிலேயே ஒதுங்கிவிட்டால், மிஞ்சியவர்களிடம் மட்டும் மெனக்கெட்டால் போதும். லட்சக்கணக்கில் வீசும் மின்னஞ்சலுக்குச் சரி. மாதக்கணக்கில் ஒருத்தியிடம் பேசுபவனுக்கு இந்தக் கணக்கு உதவாது. அக்காவை இளக்கியதே அந்தப் பொருந்தாத கேள்விதான்.

‘டியர்’ வேறு. முப்பது வருடம் குடும்பம் நடத்தியவரும் மனைவியை ‘இந்தா’ என்று கூப்பிடும் வீடுகள் நம்முடையவை. தமிழில் கூசும் சொல் இங்கிலீஷில் கூசுவதில்லை. அவன் ‘வீ’ என்று எழுதினால் இவர் ‘நாங்கள்’ என்று படிப்பாரா? ‘நாம்’ என்றுதான்.

இந்த இனிப்பு பாதி வேலைதான். பணம் கேட்கும் நாளில் காதலன் வாயைத் திறப்பதில்லை. அவன் அனுப்பிய பார்சல் கஸ்டம்ஸில் மாட்டிக்கொள்ளும். பேசுவது ஓர் ‘அதிகாரி’, விறைப்பான மலாயில்: தீர்வை, அபராதம், இன்றைக்குள். காதலன் மன்னிப்புக் கேட்பதோடு சரி. சுங்கத்துறை தனிநபர் கணக்கில் தீர்வை வாங்குவதே இல்லை. ‘ஏன் தனிநபர் கணக்கு?’ என்று கேட்க விடாமல் செய்வது இந்த இரட்டைக் குரல். பிழை தேடச் சொல்லும் அறிவுரை உதவாக்கரை என்பது என் முடிவு. குரல் மாறும் இடத்தைக் கவனிக்கச் சொல்ல வேண்டும்.

ஏமாந்தவரை எடைபோடுவது இன்னும் கடினம். 2014 டிசம்பரில் கோலாலம்பூர் விமான நிலையத்தில் ஓர் ஆஸ்திரேலியப் பாட்டி 1.1 கிலோ போதைப்பொருளுடன் பிடிபட்டார். ‘அமெரிக்க கேப்டன்’ ஒருவனின் காதலை நம்பி வந்த கதையைச் சொன்னார். 2017-இல் ஷா ஆலாம் உயர்நீதிமன்றம் விடுவித்தது. மறுவருடம் மேல்முறையீட்டு நீதிமன்றம் தூக்கு விதித்தது. 2019 நவம்பரில் கூட்டரசு நீதிமன்றம் விடுதலை செய்தது. கதை ஒன்றுதான்.

“பார்சல் ஏதும் அனுப்புறேன்னு சொன்னாரா?” என்றேன்.

“அடுத்த வாரம்,” என்றார் அக்கா, ‘சாப்பிட்டாச்சு’ என்று பதில் தட்டிக்கொண்டே.