துவோடாவின் கடன் கணக்கு

ஒன்பதாம் நூற்றாண்டில், தென் பிரான்சின் உசேஸ் நகரில் துவோடா என்ற பிரபுக் குடும்பத்துப் பெண், மகன் வில்லியத்துக்காக லத்தீனில் ஒரு கையேடு எழுதினார். 841 நவம்பர் 30இல் தொடங்கி 843 பிப்ரவரி 2இல் முடித்தார். தொடங்கியதற்கு முதல் நாள்தான் மகனுக்குப் பதினைந்து வயது நிறைந்தது. கரோல் நீலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1991இல் வந்தது.

இந்நூலைத் 'தாய்ப்பாசம்' என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுவது சுலபம். பாசம் இருக்கு, இல்லேன்னு சொல்லவில்லை. ஆனால் அந்தச் சொல் நூலில் இருக்கும் பயத்தை மூடிவிடுகிறது.

துவோடா 824இல் பெர்னார்டை மணந்தார். பெர்னார்ட் சார்லமேனின் உறவுக்காரர்; பேரரசர் லூயியின் அரண்மனையில் உயர்ந்த பதவி வகித்தவர். பேரரசியோடு கள்ள உறவு என்ற பழி வந்ததும் 830இல் தப்பி ஓடினார். இதைப் பற்றித் துவோடா மூச்சே விடவில்லை. லூயி இறந்ததும் அவருடைய மகன்கள் அடித்துக்கொண்டார்கள். 841 ஜூனில் நடந்த ஃபோந்தெனுவா போருக்குப் பிறகு, வென்ற பக்கம் நின்ற வழுக்கைச் சார்லஸிடம் பெர்னார்ட் வில்லியத்தை ஒப்படைத்தார். அதே மார்ச்சில் பிறந்த இளைய மகனையும் ஞானஸ்நானத்துக்கு முன்பே தன்னிடம் வரவழைத்துக்கொண்டார். கைக்குழந்தையின் பெயர்கூடத் தாய்க்குத் தெரியாது.

இவ்வளவு நடந்தும் கணவர்மேல் ஒரு குறை கிடையாது. அப்பாவை மதி, அவருக்காகச் செபி, அரசனைவிட அவருக்கே முதலிடம் என்கிறார். செபிக்க வேண்டிய இறந்தவர்களின் பட்டியலிலும் கணவர் வீட்டு ஆட்கள்தான். தன் பெற்றோரின் பெயரை எங்கும் சொல்லவில்லை.

அப்போ இவர் வெறும் பொறுமைசாலியா? கடைசிப் பகுதிக்குப் போங்கள். அங்கே கடன் கணக்கு வருகிறது. எல்லைப்புறத்தில் கணவருக்குத் தோள்கொடுக்கக் கிறிஸ்துவர்களிடமும் யூதர்களிடமும் நிறையக் கடன் வாங்கியிருக்கிறார். தான் இறந்தால் அடைத்துவிடச் சொல்கிறார். தன் சொத்து போதாவிட்டால் மகனின் சொத்திலிருந்து. ஏன் வாங்கினாராம்? சில ஆண்கள் செய்வதுபோல் கணவர் தன்னையும் மகனையும் கைவிட்டுவிடக் கூடாது என்பதற்காக. போகிற போக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். அதற்குப் பிறகு முன் அத்தியாயங்களைத் திரும்ப வாசித்தால், அந்தப் பணிவு குடும்பம் உடையாமல் இருக்க அவர் கட்டிய தவணையாகத் தெரிகிறது.

நூலில் சலிப்பு தட்டும் இடங்களும் உண்டு. வேதாகம வசனங்களை அடுக்குவதும், எண்களுக்குப் பொருள் சொல்வதும் பக்கம் பக்கமாக நீள்கின்றன. அவற்றைத் தாண்ட கொஞ்சம் பொறுமை வேண்டும்.

நான் பொறியாளன். வேலையில் கையேடுகளோடு புழங்குகிறவன். இரண்டு விதிகள் மோதினால் எதை முதலில் பார்ப்பது என்று சொல்லாத கையேட்டை நாங்கள் நம்ப மாட்டோம். துவோடாவின் கையேடு அதைத் தெளிவாகவே சொல்கிறது: அரசனுக்கு உண்மையாக இரு, ஆனால் அப்பாதான் முதலில். 844இல் சார்லஸ் பெர்னார்டைத் துரோகி என்று கொன்றார். வில்லியம் அப்பாவின் பக்கமே நின்றான். 850 வாக்கில் பார்சலோனாவில் அவனும் கொல்லப்பட்டான். அம்மா வைத்த வரிசையை மகன் மீறவில்லை.

தன் கல்லறைக்கான வரிகளையும் துவோடா இதிலேயே எழுதி, முதலெழுத்துகளில் தன் பெயரைக் கோத்து வைத்தார். அதை வாசிக்க மகன் உயிரோடு இருப்பான் என்று நம்பித்தான் எழுதியிருக்கிறார்.