இசைச் செய்தியும் முள்ளிக்குளமும்

வெகுசனத் தொடர்புச் சாதனங்களில் ஒலிக்கும் பாடல்களை ஆராய்வோர், பெரும்பாலும் பாடலின் சொல்லையும் மெட்டையுமே நோக்குவர். இரு பாடல்களுக்கிடையே பேசப்படுவது அத்துணைக் கவனத்தைப் பெறுவதில்லை. எது புதிதாக வெளிவந்தது, எவர் பாடினார், எது முன்னேறியது என அறிவிக்கப்படும் இசைச் செய்தியே, இசையுலகில் எது நிகழ்ச்சியாகக் கணிக்கப்படும் என்பதைத் தீர்மானிக்கின்றது. எனவே அச்செய்தியின் சமூக அடிப்படையை ஆராய்தல் அவசியமாகும்.

அவுஸ்திரேலியாவின் ஏ.பி.சி. தொலைக்காட்சியில் 1974 முதல் 1987 வரை 'கவுண்ட்டவுண்' என்னும் பொப்பிசை நிகழ்ச்சி இடம்பெற்றது. அதிலே 'ஹம்ட்ரம்' என்ற செய்திப் பகுதியை இயன் மெல்ட்ரம் நடத்தினார். புதிய இசைத்தட்டுகள், கலைஞர் நேர்காணல்கள், இசையுலகத் தகவல்கள் ஆகியன அதில் இடம்பெற்றன. அந்நிலையம் அரச நிதியில் இயங்கியது. வர்த்தக விளம்பரத்துக்கு அங்கு இடமில்லை. மெல்ட்ரமோ இசைத்தட்டுத் தயாரிப்பிலும் ஈடுபட்டவர். விளம்பரம் விலக்கப்பட்ட இடத்திலே அதன் பணியைச் செய்தி ஆற்றியது எனலாம். தனியொருவரின் நேர்மையை ஐயுறுதல் நமது நோக்கமன்று. இசை பண்டமாகிவிட்ட சமுதாயத்தில், அப்பண்டத்தின் புழக்கமே இசையின் வரலாறாகத் தோற்றமளிக்கும் என்பதையே நாம் சுட்ட விரும்புகிறோம்.

இலங்கைக்குத் தொலைக்காட்சி 1979ஆம் ஆண்டிலேயே வந்தது. அதற்கு முன்னர் இப்பணியை இங்கு வானொலி செய்தது. ரேடியோ சிலோனின் வர்த்தக சேவை 1950இல் ஆரம்பமாயிற்று. அமைச்சர் பி. வி. கேஸ்கரின் காலத்தில், 1952 அளவில், அகில இந்திய வானொலி திரைப்பாடலைப் புறக்கணிக்கவே, இந்திய நேயர்கள் கொழும்பை நாடினர். அவ்வாண்டில் அமீன் சயானி தொடங்கிய 'பினாக்கா கீத்மாலா' ஒரு பற்பசையின் பெயரைத் தாங்கியது. பின்னர் அது பாடல்களை வரிசைப்படுத்தியபோது, இசைத்தட்டுக் கடைகளின் விற்பனைத் தகவலும் நேயர் மன்றங்களின் கருத்தும் அளவுகோல்களாயின. கடைக்காரரின் கணக்கேடு இவ்வாறு இசைச் செய்தியாயிற்று.

தமிழ் வர்த்தக ஒலிபரப்பும் இப்பொருளாதாரத்துக்குள்ளேயே வளர்ந்தது. எனினும் அதனை முற்றாக நிராகரித்தல் இயங்கியல் நோக்காகாது. எஸ். பி. மயில்வாகனம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் முதலிய அறிவிப்பாளர்களின் பேச்சு பாக்கு நீரிணையின் இரு கரையிலும் கேட்கப்பட்டது. பாடலாசிரியர், இசையமைப்பாளர், பாடகர் ஆகியோரின் பெயர்கள் எழுத்தறியாதவரையும் எட்டின. நடிகரின் முகத்துக்குப் பின்னாலிருந்த உழைப்பு ஓரளவு புலப்பட்டது. நேயர் விருப்ப நிகழ்ச்சிகளிலே சிற்றூர்களின் பெயர்களும் ஒலித்தன. ஆயின் அவ்வூர்கள் பாடல் கேட்போரின் முகவரிகளாகவே ஒலித்தன; பாடலை ஆக்குவோரின் இடங்களாக ஒலிக்கவில்லை. இம்முரண்பாடே நமது ஆய்வின் மையமாகும்.

மன்னார்ப் பிரதேசத்தை இங்கு எடுத்துக்கொள்வோம். அங்குள்ள கத்தோலிக்க மக்களிடையே நாடகம், வாசாப்பு ஆகிய கூத்து வடிவங்கள் நெடுங்காலம் வழங்கி வந்துள்ளன. மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என இசைவேறுபாடும் பேசப்படும். நாட்டுக்கூத்திலும் அறிவிப்பாளன் உளன், அவன் கட்டியகாரன். வருவோர் இன்னார் என அவன் சபைக்கு உரைக்கிறான். ஆனால் அவன் அறிவிப்பது சபையோர் ஏலவே அறிந்த கதையை. சபையோரும் ஆடுவோரும் ஒரே ஊரவர். விற்பதற்கு அவனிடம் ஏதுமில்லை. வானொலி அறிவிப்பாளனோ பொருளை ஆக்குவோருக்கும் கேட்போருக்கும் இடையே சந்தையின் குரலாக நிற்கிறான்.

இவ்வேறுபாட்டின் விளைவு முள்ளிக்குளத்திலே துலக்கமாகின்றது. மன்னார் மாவட்டத்தின் தென்பகுதியில், முசலிப் பிரதேசத்துக் கரையோரத்தில் உள்ள இக் கத்தோலிக்கக் கிராமத்தின் மக்கள் 2007இல் யுத்தச் சூழலிலே வெளியேற்றப்பட்டனர். அவர்களது நிலத்தில் கடற்படை நிலைகொண்டது. யுத்தம் முடிந்தபின் திரும்பிவந்த குடும்பங்கள் பல அயலிலுள்ள மலங்காட்டில் தங்க நேர்ந்தது. 2017இல் மக்கள் தொடர்ந்து போராடியதன் பின்னரே நிலத்தின் ஒரு பகுதி விடுவிக்கப்படும் என அறிவிக்கப்பட்டது.

இது யுத்தச் செய்தியாகவும் காணிச் செய்தியாகவும் பதிவாயிற்று. இசைச் செய்தியாக எவரும் இதனைக் கருதமாட்டார். ஆனால் கூட்டாகப் பாடுவதற்கு ஊர் வேண்டும், திருவிழா வேண்டும், அண்ணாவியாரும் பழகுவோரும் கூடும் முற்றம் வேண்டும். நிலமும் கடற்றொழிலும் பறிபோகையில் கூட்டுக்கலையின் உற்பத்தி நிபந்தனைகளும் பறிபோகின்றன. இசைத்தட்டு எத்தனை விற்றது என்பது இசைச் செய்தியாயின், பாடுவோர் கூடும் இடத்தை இழந்தனர் என்பது அதனினும் பெரிய இசைச் செய்தியாகும். சந்தையின் அளவுகோலில் அது பதியாது. அங்கு விற்பனைக்கு எதுவும் வரவில்லை.

எனவே பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களுக்கு இங்கு ஒரு கடமை உண்டு. இடம்பெயர்ந்த கரையோரக் கிராமங்களிலே கூத்துக் கொப்பிகள் எவரிடம் உள்ளன, அண்ணாவிமார் எங்கு வாழ்கின்றனர், எந்தப் பாடல் பாடுவோரின்றி நிற்கிறது என்பன ஊர்தோறும் திரட்டப்பட வேண்டும். திரட்டியவற்றை அவ்வூர் மக்களிடமே மீள ஒப்படைத்தலும் வேண்டும். ஆவணக் காப்பகத்தில் மட்டும் தங்கும் பாடல் மக்களிடமிருந்து இன்னொரு முறை பறிக்கப்பட்டதாகவே அமையும்.