கடைசி இரண்டு ஓவர்களின் கலைஞன்

ஐ.பி.எல். ஆட்டம் இந்தியாவில் இரவு ஏழரைக்குத் தொடங்கினால் நமக்கு மணி பத்து. இரண்டாவது இன்னிங்ஸின் பதினெட்டாவது ஓவர் வரும்போது கோலாலம்பூரில் ஒரு மணியைத் தாண்டிவிடும். பிரிக்ஃபீல்ட்ஸ் மாமாக் கடைகளில் பெரிய திரைக்கு எதிரே பத்து மணிக்கு நாற்காலி கிடைக்காது. ஒரு மணிக்குப் போனால் எங்கு வேண்டுமானாலும் உட்காரலாம். சிக்ஸர் பார்க்க வந்தவர்கள் அதற்குள் வீட்டுக்குப் போயிருப்பார்கள். மறுநாள் வேலை இருந்தும் தே தாரிக்கை இன்னொரு தடவை சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள் நான்கைந்து பேர்தான். அவர்கள் காத்திருப்பது பந்து வீசுகிறவனுக்காக.

ஆட்டத்தை முடித்துக் கொடுக்கும் வேலைக்கென்றே ஆள் வைத்து, அதற்குத் தனிக் கணக்கும் எழுதுகிற விளையாட்டு ஒன்று உண்டு. அது அமெரிக்காவின் பேஸ்பால். ஒன்பது இன்னிங்ஸில் முதல் ஐந்தாறை ஒருவர் வீசுவார். அவர் களைத்த பிறகு மாற்று வீச்சாளர்கள் ஒவ்வொருவராக வருவார்கள். அவர்கள் திடலின் ஓரத்தில் தங்களுக்கென்று இருக்கும் அடைப்பில் உட்கார்ந்திருந்து, அழைப்பு வந்ததும் சில பந்துகளை வீசிக் கையைச் சூடாக்கிக்கொண்டு இறங்குவார்கள். அணி சிறிய முன்னிலையில் இருக்கும்போது இறங்கி, அதைக் கைவிடாமல் ஆட்டத்தை முடித்துக் கொடுத்தால் அவர் பெயரில் ஒரு 'சேவ்' பதிவாகும். ஜெரோம் ஹோல்ட்ஸ்மன் என்ற சிகாகோ பத்திரிகையாளர் 1960இல் இந்தக் கணக்கை உண்டாக்கினார். 1969இல் அது அதிகாரபூர்வப் புள்ளிவிவரமானது. பனாமாவின் மீனவக் குடும்பத்தில் பிறந்த மரியானோ ரிவேரா, நியூயார்க் யாங்கீஸுக்காகப் பத்தொன்பது பருவங்கள் ஆடி 652 சேவ் எடுத்தார். பெரும்பாலும் ஒரே பந்துதான். கடைசி நேரத்தில் சற்றே விலகும் கட்டர். என்ன வரப்போகிறது என்று எதிரே நிற்பவருக்கும் தெரியும். தெரிந்தும் அடிக்க முடியாது. 2019இல் அவரை ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்ந்தெடுத்தபோது ஒரு வாக்குக்கூட எதிராக விழவில்லை. அதற்கு முன் யாருக்கும் அப்படி நடந்ததில்லை.

கிரிக்கெட்டில் இதே வேலைக்குப் புள்ளிப் புத்தகத்தில் ஒரு கட்டம்கூடக் கிடையாது. 2019 மே 12, ஐ.பி.எல். இறுதியாட்டம். லசித் மலிங்காவின் கணக்கு நான்கு ஓவர், 49 ரன், ஒரு விக்கெட். இதை மட்டும் படித்தால் அன்று அவர் நன்றாக அடி வாங்கினார் என்றுதான் தோன்றும். வாங்கியதும் உண்மை. பதினாறாவது ஓவரில் மட்டும் 20 ரன். ஆனாலும் கடைசி ஓவரில் சென்னைக்கு 9 ரன் தேவைப்பட்டபோது பந்து அவர் கைக்குத்தான் போனது. கடைசிப் பந்தில் 2 ரன் வேண்டும். வேகத்தைக் குறைத்து, கால் மட்டத்தில் ஒரு யார்க்கர். ஷர்துல் தாக்கூர் எல்.பி.டபிள்யூ. மும்பை ஒரு ரன்னில் கோப்பையைத் தூக்கியது. சென்னைப் பக்கம் இருந்தவர்களுக்கு இன்றும் வலிக்கும். கொஞ்ச நேரத்துக்கு முன் வாங்கிய அடியை மறக்கத் தெரிவது இந்தக் கலையின் பாதி. அதை 49-க்கு 1 என்ற எண் சொல்லுமா?

மீதிப் பாதி கையில் இருக்கிறது. அதைக் கிட்டத்தில் இருந்து பார்க்க எனக்குப் பிடித்த ஆள் சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி தங்கராசு நடராஜன். அவர் வளர்ந்தது டென்னிஸ் பந்தில். அந்தப் பந்து ஸ்விங் ஆகாது. பிட்ச்சில் பட்டால் வேகம் செத்துவிடும். எல்லைக்கோடும் கிட்டத்தில் இருக்கும். கொஞ்சம் முன்னால் விழுந்தாலும் பந்து பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விடும். அங்கே வீசுகிறவனுக்குப் பிழைக்க ஒரே வழி, மட்டையின் அடியில் பந்தை இறக்குவது. லெதர் பந்துக்காரர்கள் பயிற்சி முகாமில் கற்றுக்கொள்ளும் யார்க்கரை இவர் வேறு வழியில்லாமல் சிறுவயதிலேயே கற்றார். அந்தக் கையை அடையாளம் கண்டு சென்னைக்குக் கூட்டி வந்தவர் அதே ஊர்க்காரர் ஜெயப்பிரகாஷ். பின்னாளில் 'ஜே.பி. நட்டு' என்று சட்டையில் எழுதிக்கொண்டது அவருக்குச் செய்த மரியாதை.

யார்க்கர் என்றால் காலடியில் வீசுவது என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் காலடி ஓரிடத்தில் நிற்பதில்லை. ஸ்டம்புக்கும் கிரீஸ் கோட்டுக்கும் இடையே நான்கடி. கடைசி ஓவரில் ஆட்டக்காரர் அந்த நான்கடிக்குள் பின்னால் போய் ஸ்டம்பை ஒட்டி நிற்பார். கோட்டின் மேல் விழும் பந்து அப்போது அவருக்கு வாகான ஹாஃப் வாலி. அவர் உள்ளே போனதைக் கவனித்து வீச்சாளரும் இன்னும் உள்ளே போட வேண்டும். அரையடி கூடினால் ஃபுல் டாஸ். ஓடி வந்து கை சுழலும் கடைசிக் கணத்தில் இந்த அரையடியைச் சரிசெய்ய வேண்டும். பனி இறங்கிய இரவானால் பந்து வேறு சோப்புக்கட்டி மாதிரி வழுக்கும். பேஸ்பால்காரருக்குக் கையைச் சூடாக்கிக்கொள்ள இடமும் நேரமும் உண்டு. இவர் அதுவரை எல்லைக்கோட்டில் நின்று பந்தைத் துரத்திக்கொண்டிருந்துவிட்டு வருகிறார்.

நடராஜன் இடக்கைக்காரர். ஓவர் த விக்கெட்டாக வந்து வீசும்போது அவர் பந்து வலக்கை ஆட்டக்காரருக்குக் குறுக்கே விலகிப் போகும். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே அகல யார்க்கர் போட அந்தக் கோணமே போதும். அடிக்கப் போகிறவர் கையை நீட்டியும் எட்டாது. நான் கண் வைப்பது இன்னொரு பந்தின் மேல். லெக் ஸ்டம்பைக் குறிவைத்துப் பாதத்தில் இறக்குவது. கோணத்துக்கு எதிராகப் போட வேண்டிய பந்து அது. துளி தவறினால் இடுப்பு உயர ஃபுல் டாஸாகக் கூட்டத்துக்குள் போய்விழும்.

அந்தப் பந்துக்கு ஓர் உதாரணம்: 2020 நவம்பர் 6, அபுதாபி, ஐ.பி.எல். எலிமினேட்டர் ஆட்டம். 56 ரன்னில் நின்றுகொண்டிருந்தவர் ஏ.பி. டிவில்லியர்ஸ். மைதானத்தின் எந்த மூலைக்கும் அடிக்கத் தெரிந்த மனிதர். பதினெட்டாவது ஓவரில் நடராஜன் ஒன்றை அவர் பாதத்தில் இறக்கினார். மட்டை வந்து சேரவில்லை, நடு ஸ்டம்ப் போய்விட்டது. அது கடைகளில் கூட்டம் கூட முடியாத கோவிட் காலம். வீட்டில் ஒற்றையாகப் பார்த்தேன். பாராட்டிக் கை தட்டப் பக்கத்தில் ஆளில்லையே என்று இருந்தது. அன்றுதான் அவருக்கு ஊரில் பெண் குழந்தை பிறந்திருந்தது.

அதுவரை வந்த பாதை எளிதல்ல. 2015 ஜனவரியில் ரஞ்சியில் முதல் ஆட்டம். உடனே பந்துவீசும் முறை சந்தேகத்துக்குரியது என்று புகார். சுனில் சுப்ரமணியம் போன்றவர்களின் துணையோடு கையை மாற்றி அமைத்துக்கொண்டு வந்து, 2016 தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் ஒரு சூப்பர் ஓவரின் ஆறு பந்தையும் யார்க்கராக வீசினார். 2017 ஐ.பி.எல். ஏலத்தில் பஞ்சாப் மூன்று கோடி ரூபாய் கொடுத்தது. கிடைத்தது ஆறு ஆட்டம், இரண்டு விக்கெட். பிறகு ஹைதராபாத்தில் 2018, 2019 இரண்டு பருவமும் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் பெஞ்சில்.

அந்த இடத்தை அடைத்துக்கொண்டு நின்றவர்களில் ஒருவர் நமக்குத் தெரிந்த பையன்தான். 2008 மார்ச்சில் பூச்சோங் கின்ராரா ஓவலில் விராட் கோலியின் தலைமையில் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை வென்ற அணியில் சித்தார்த் கௌல் இருந்தார். இறுதியாட்டத்தில் இந்தியா எடுத்தது வெறும் 159. மழை குறுக்கிட்ட அந்த ஆட்டத்தைப் பந்துவீச்சாளர்கள் 12 ரன்னில் காப்பாற்றினார்கள். அதே கௌல் 2018இல் ஹைதராபாத்துக்காக 21 விக்கெட் எடுத்தார். 118 ரன்னை வைத்துக்கொண்டு மும்பையை 87-க்குச் சுருட்டிய அணி அது. அப்படிப்பட்ட வீச்சாளர் கூட்டத்தில் நடராஜனுக்கு எங்கே இடம்?

2020 கடைசியில் நடராஜன் இந்திய அணியோடு வலைப்பயிற்சிக்குப் பந்து போடும் ஆளாக ஆஸ்திரேலியா போனார். மற்றவர்களின் காயங்கள் வழிவிட்டன. டிசம்பர் 2 கான்பெராவில் ஒருநாள் ஆட்டம், டிசம்பர் 4 அங்கேயே டி20, ஜனவரி 15 பிரிஸ்பேனில் டெஸ்ட். ஒரே பயணத்தில் மூன்று வடிவத்திலும் அறிமுகமான முதல் இந்தியர் இவர்தான். இந்தக் கதையைப் பத்திரிகைகள் தேவைக்கு மேலேயே எழுதிவிட்டன. ஏழைச் சிறுவன் கதையில் மயங்கி, விரலின் வேலையைப் பார்க்க மறந்துவிடுகிறோம்.

அந்த வேலையை முழுதாகக் காட்டிய ஓவர் 2021 மார்ச் 28, புனேயில். இங்கிலாந்துடன் தொடரைத் தீர்மானிக்கும் மூன்றாவது ஒருநாள் ஆட்டம். நமக்கு அப்போது நள்ளிரவை நெருங்கியிருந்தது. கடைசி ஓவரில் 14 ரன் வேண்டும். எட்டாவதாக இறங்கிய சாம் கரன் தொண்ணூறைத் தொட்டு, கிடைத்ததையெல்லாம் அடித்துக்கொண்டிருந்தார். முதல் பந்தில் ஒரு ரன், இரண்டாவதற்கு ஓடும்போது மார்க் உட் ரன் அவுட். அடுத்த பந்தில் டாப்லி ஒரு ரன் எடுத்துக் கரனிடம் கொடுத்தார். அடுத்த இரண்டு பந்திலும் ரன் இல்லை. ஆட்டம் அங்கேயே முடிந்தது. ஐந்தாவதில் நான்கு போனது, ஆறாவதில் ஒன்றுமில்லை. ஓவருக்கு 6 ரன். இந்தியா 7 ரன்னில் வென்றது. கரன் 95 ரன்னோடு ஆட்டமிழக்காமல் நின்றார், ஆட்டநாயகன் விருதும் அவருக்கே.

நடராஜனின் கணக்கு? பத்து ஓவர், 73 ரன், ஒரு விக்கெட். அந்த ஒரு விக்கெட்டும் பென் ஸ்டோக்ஸ் ஒரு ஃபுல் டாஸை நேராகக் கையில் அடித்துக் கொடுத்தது. மோசமான பந்துக்குப் புத்தகத்தில் இடம் கிடைத்தது, ஆட்டத்தைக் காப்பாற்றிய பந்துகளுக்கு ஒரு வரிகூட இல்லை.

2024 ஏப்ரல் 20 அன்று டெல்லிக்கு எதிராக வீசிய பத்தொன்பதாவது ஓவரைத்தான் பலரும் அவருடைய உச்சம் என்பார்கள். மூன்று விக்கெட், ரன் ஏதும் இல்லை. மொத்தக் கணக்கு 19-க்கு 4. கண்ணுக்கு அழகுதான். ஆனால் ஹைதராபாத் 266 அடித்திருந்த ஆட்டம் அது. அந்த நேரத்தில் டெல்லியால் எட்டிப்பிடிக்க முடியாது என்பது திடலில் எல்லோருக்கும் தெரியும். தோற்றால் தன் தலையில் விழும் என்ற நிலையில் வீசுவது வேறு. எனக்குப் புனேதான் முதலில், அபுதாபி இரண்டாவது, டெல்லி மூன்றாவதுதான்.

கிள்ளான்காரர்கள் இங்கே ஒன்று கேட்பார்கள். 2023 ஜூலை 26 அன்று பாயுமாஸ் ஓவலில் நம் சியாஸ்ருல் இட்ரூஸ் சீனாவுக்கு எதிராக 8 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்தாரே, அது குறைந்ததா? ஆண்கள் டி20 சர்வதேச ஆட்டத்தில் ஏழு விக்கெட் எடுத்த முதல் மனிதர். ஏழும் போல்டு. சீனா 23-க்கு ஆட்டமிழந்தது. முழு நீளத்தில் இறக்கி ஸ்டம்பைப் பறிக்கும் திறமையில் அவரும் நடராஜனுக்கு உறவுதான். ஆனால் அது புதுப் பந்தின் கலை. அங்கே விக்கெட் எடுப்பதே வேலை. கடைசி ஓவர்க்காரருக்கு விக்கெட் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டாலும் அவர் கடமை முடிந்துவிடும். இரண்டையும் ஒரே தராசில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

முழங்கால் அறுவைச் சிகிச்சை, தோள், மறுபடி முழங்கால் என்று உடம்பு நடராஜனை விடவில்லை. இந்தியாவுக்காக மொத்தம் ஆடியது ஒரு டெஸ்ட், இரண்டு ஒருநாள், நான்கு டி20. 2025க்கு டெல்லி 10.75 கோடி கொடுத்து வாங்கியது, ஆடவைத்தது இரண்டே ஆட்டத்தில். இந்தக் கைகள் சீக்கிரம் தேய்ந்துபோகின்றன. ரிவேராக்கள் அபூர்வம்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் சங்க ஆட்டங்களுக்குப் புள்ளி எழுதும் தம்பிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். புத்தகத்தின் ஓரத்தில் கூடுதலாக ஒரு கட்டம் போடுங்கள். கடைசி இரண்டு ஓவர்களில் எத்தனை ரன் தேவைப்பட்டது, யார் வீசினார், எத்தனை கொடுத்தார் என்று மூன்றே விவரம் போதும். ஒரு பருவம் அப்படி எழுதிவிட்டு, ஆண்டு விருந்தில் சிறந்த பந்துவீச்சாளர் கோப்பையை யாருக்குக் கொடுப்பது என்று அப்புறம் பேசுங்கள்.