மெல்லடிப் பாடல்கள்: தென்னாபிரிக்கத் தொழிலாளர் இசைக்குழுக்கள் பற்றிய ஒரு நோக்கு

மக்கட் கலைகளை மதிப்பிடுவோர் பெரும்பாலும் பாடலின் சொற்களையே முதன்மைச் சான்றாகக் கொள்வர். அடக்குமுறையைக் கண்டிக்கும் சொற்கள் இருப்பின் அது முற்போக்கானது என்றும், கடவுளைத் துதிக்கும் சொற்கள் இருப்பின் அது மக்களை மயக்கத்தில் ஆழ்த்துவது என்றும் தீர்ப்புக் கூறுதல் எளிது. இவ்வளவுகோல் எத்துணை குறைபாடுடையது என்பதைத் தென்னாபிரிக்காவின் சூலு தொழிலாளரிடையே வளர்ந்த இசைக்குழுக்கள் நன்கு புலப்படுத்துகின்றன. வாத்தியம் எதுவுமின்றி ஆடவர் குரல்களை மட்டுமே கொண்டமைந்த அவர்தம் இசை, நிறவொதுக்கல் அரசைப் பெயர் சுட்டிக் கண்டித்தது அரிது. எனினும் அவ்வரசு உருவாக்கிய வாழ்க்கையின் தழும்புகளை இத்துணை துல்லியமாகத் தாங்கி நிற்கும் கலைகள் சிலவே.

இவ்விசையின் தோற்றத்தை விளங்கிக்கொள்வதற்கு நிலத்தின் வரலாற்றை முதலில் நோக்குதல் வேண்டும். 1913ஆம் ஆண்டின் சுதேசிகள் நிலச்சட்டம் நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 7 வீதத்தை மட்டுமே கறுப்பின மக்களுக்கென ஒதுக்கியது. 1936இல் இயற்றப்பட்ட சட்டம் அதனை ஏறத்தாழ 13 வீதமாக உயர்த்த வழிசெய்தது. நிலமிழந்தும், வரி செலுத்தப் பணம் தேடியும் நேட்டால் கிராமங்களின் ஆடவர் ஜொகன்னஸ்பேர்க்கின் சுரங்கங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் டேர்பன் துறைமுகத்துக்கும் சென்றனர். குடும்பத்தவரை ஊரில் விட்டு, ஆடவர் மட்டும் வாழும் தொழிலாளர் விடுதிகளில் அவர்கள் அடைபட்டனர். இவ்விசை ஏன் ஆடவர் இசையாயிற்று என்னும் வினாவுக்கு விடையை அழகியலில் தேடுவதிலும் இவ்விடுதிகளின் சுவர்களிடையே தேடுவதே பொருத்தமாகும்.

நகருக்கு வந்த தொழிலாளி வெறுங்கையுடன் வரவில்லை. ஒருவர் முன்பாட ஏனையோர் ஒன்றன்மேல் ஒன்றாகக் குரல் கலந்து பின்பாடும் திருமணப் பாடல் மரபு அவனிடம் இருந்தது. மிசனரிமாரின் பாடசாலைகளும் ஆலயங்களும் நாற்குரல் இசைவுடைய துதிப்பாடல்களைப் பரப்பியிருந்தன. 1890இல் ஓபியஸ் மக்கடூவின் தலைமையில் வந்திறங்கிய வேர்ஜீனியா ஜூபிலிப் பாடகர்கள் என்னும் அமெரிக்கக் கறுப்பினக் குழுவினர், அடிமை வாழ்விற் பிறந்த பக்திப் பாடல்களைத் தென்னாபிரிக்க மேடைகளில் ஒலிக்கச் செய்தனர். அதே நிறத்தவர், அடிமைத்தளையிலிருந்து மீண்டவர், மேடையேறி மதிப்புடன் பாடிய காட்சி ஆழ்ந்த தாக்கத்தை ஏற்படுத்தியது. இம்மூன்று ஓடைகளும் விடுதி வாழ்விற் கலந்தன. எனவே இதனைத் தூய நாட்டார் கலை என்பதும் பொருந்தாது. அந்நியக் கலையின் போலி என்பதும் பொருந்தாது. வந்தவற்றைத் தம் தேவைக்கேற்ப வசப்படுத்திக்கொண்ட ஒரு வர்க்கத்தின் ஆக்கமே இது.

இவ்வாக்கத்தின் முதற் பெருஞ் சிகரம் சொலமன் லிண்டாவும் அவரது ‘ஈவினிங் பேர்ட்ஸ்’ குழுவினரும் 1939இல் ஒலிப்பதிவு செய்த ‘ம்பூபே’ ஆகும். சிங்கம் என்பது இச்சொல்லின் பொருள். கீழ்க்குரலைப் பலர் சேர்ந்து பாட, அதன்மேல் லிண்டாவின் உச்சக்குரல் தனித்து எழும் அமைப்பு பின்வந்த குழுக்களுக்கு இலக்கணமாயிற்று. அப்பாடலை வெளியிட்ட கலோ நிறுவனத்திலேயே லிண்டா இசைத்தட்டுக்களைப் பொதிசெய்யும் தொழிலாளியாக இருந்தார் என்பது மனங்கொள்ளத்தக்கது. பாடலின் உரிமைக்காக அவர் பெற்றது 10 சிலிங். 1950களில் அமெரிக்காவின் ‘வீவர்ஸ்’ குழுவினரும், 1961இல் ஆங்கிலச் சொற்களுடன் ‘டோக்கன்ஸ்’ குழுவினரும் அதனைப் பாடி உலகெங்கும் பரப்பினர். மறு ஆண்டு லிண்டா வறுமையில் இறந்தார். அவருடைய குடும்பத்துக்குரிய பங்கு 2006இல் எட்டப்பட்ட இணக்கத்தின் மூலமே உறுதிசெய்யப்பட்டது. நாட்டார் பாடல் என்றால் உடையவர் எவருமிலர் என்னும் வசதியான எண்ணம் எவருக்கு இலாபமளித்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

‘ம்பூபே’ பாணியின் ஓங்கிய குரல் காலப்போக்கில் அடங்கி, ‘இசிகத்தமியா’ எனப்படும் மென்மையான பாணி மேலோங்கியது. ஓசைபடாமல் மெல்ல அடிவைத்தல் என்னும் பொருளுடைய சூலு வினையடியிலிருந்து இப்பெயர் பிறந்தது. ஊரின் நடனத்தில் நிலமதிர மிதித்த கால்கள், காவலர் செவிக்கு எட்டாதவாறு விடுதியில் நுனிவிரலில் ஆடப் பழகின என்று அக்கலைஞரே விளக்குவர். இவ்விளக்கம் முழு வரலாறு ஆகாவிடினும் உணர்த்தும் உண்மை பெரிது. எந்தச் சொல்லும் கூறாத அடக்குமுறையை இங்கு பாதங்கள் கூறுகின்றன. வன்மையான அசைவு மென்மையாக ஒடுக்கப்பட்டது. ஆயின் ஒடுக்கத்திலிருந்தே புதியதோர் அழகு பிறந்தது.

சனிக்கிழமை இரவுகளில் தொடங்கி விடியும்வரை நீடித்த போட்டிகளும் இவ்வாறே நோக்கத்தக்கவை. ஒரே நிற உடையும் பளபளக்கும் பாதணியும் கையுறையும் அணிந்து குழுவினர் அணிவகுப்பர். குழுக்களை அறியாதவர் பக்கஞ் சாரார் என்னும் கருத்தினால், தெருவிற் சென்ற வெள்ளையர் ஒருவரை நடுவராக அழைத்து வரும் வழக்கமும் இருந்தது. மொழியறியாத ஒருவரின் தீர்ப்புக்குத் தம் கலையை ஒப்படைத்தமை அடிமை மனப்பாங்கு எனச் சிலர் கொள்ளலாம். ஆயினும் வாரம் முழுவதும் இலக்கமாகவும் ‘பையன்’ ஆகவும் அழைக்கப்பட்ட மனிதன், அவ்விரவில் தன் ஊரின் பெயர் தாங்கிய குழுவில் கனவானாக நின்றான் என்பதையும் உடன்வைத்தே இதனை எடைபோடுதல் வேண்டும்.

இப்பாணியை உலகறியச் செய்தவர் 1960இல் தம் குழுவைத் தொடங்கிய ஜோசப் ஷபலாலா. ‘லேடிஸ்மித்’ அவரது ஊர். ‘பிளாக்’ வலிமைமிக்க கரிய எருதைக் குறிப்பது. ‘மம்பாசோ’ என்பது கோடரி. ஏனைய குழுக்களைப் போட்டியில் வெட்டி வீழ்த்துவோர் என்பது கருத்து. 1973இல் வெளிவந்த ‘அமபூத்தோ’ இசைத்தட்டு விற்பனையிற் பெருவெற்றி கண்டது. பின்னர் ஷபலாலா கிறித்தவ ஊழியராகவும் விளங்க, துதிப்பாடல்கள் குழுவின் அளிக்கைகளில் முக்கிய இடம்பெற்றன.

இங்கேயே திறனாய்வாளர் எதிர்கொள்ள வேண்டிய கடினமான வினா எழுகின்றது. மக்களை இனக்குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி வானொலிச் சேவை நடத்திய அரசுக்கு, ஊரையும் பழமையையும் கடவுளையும் பாடிய குழுக்கள் உவப்பானவையாக இருந்தன. 1976இல் சொவெற்றோ மாணவர் துப்பாக்கிக் குண்டுகளுக்கு இரையானபோதும் அவ்வானொலியில் இனிய குரல்கள் ஒலித்தன. இக்குற்றச்சாட்டை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. துதிப்பாடல் இயல்பிலேயே பணிவானது என்றும் சமாதானம் கூறவியலாது. மெதடிஸ்த பாடசாலை ஆசிரியர் ஈனொக் சொன்ரொங்கா 1897இல் இயற்றிய ‘ங்கோசி சிகெலேலி ஆபிரிக்கா’ ஆலயப் பாடலாகவே பிறந்து, விடுதலை இயக்கத்தின் கீதமாக உயர்ந்து, இன்றைய தேசிய கீதத்தின் பகுதியாயிற்று. துதிப்பாடலுக்குள் போராட்டத்துக்கு இடம் இருந்தது. மம்பாசோ குழுவினர் அதனை வெளிப்படையாக நிரப்பவில்லை.

ஆனால் அவர்கள் நிரப்பியது வேறோர் இடம். போல் சைமனுடன் இணைந்து 1986இல் ‘கிரேஸ்லண்ட்’ இசைத்தொகுப்பில் அவர்கள் பாடிய ‘ஹோம்லெஸ்’, சூலு திருமணப் பாடல் மெட்டொன்றைத் தழுவியது. புதிய இல்லம் அமைவதைக் கொண்டாடும் மெட்டு, வீடற்றோரின் பாடலாக மாறிய அந்த ஒரு திருப்பத்தில் 1913இன் சட்டம் முதல் விடுதிக் கட்டில் வரையுள்ள வரலாறு முழுவதும் அடங்கியுள்ளது. ஐக்கிய நாடுகள் சபை 1980இல் வலியுறுத்திய கலாசாரப் பகிஷ்கரிப்பை அம்முயற்சி மீறியது என்ற கண்டனம் நியாயமற்றதன்று. எனினும் மீறலின் பொறுப்பு உலகப்புகழ் பெற்ற பாடகருக்கும், வேறு வாயில் எதுவும் திறவாத தொழிலாளர் குழுவுக்கும் ஒரே அளவினதாகாது. 1993இல் நோபல் பரிசு பெற ஒஸ்லோ சென்ற மண்டேலா இக்குழுவினரையே உடன் அழைத்துச் சென்றமை, விடுதலை இயக்கம் அம்மெல்லிய குரலில் தன்னையும் இனங்கண்டமைக்குச் சான்றாகும்.

நிறவொதுக்கல் ஆட்சி 1994இல் முடிவுற்றபின் நிலைமை மாறியது. 2002இல் உருவான சொவெற்றோ சுவிசேடப் பாடற்குழு, ஆடவரும் மகளிரும் கலந்து பாடும் ஆலய மரபில் வந்தது. பல மொழிகளில், மேளத்தோடும் வண்ண உடையோடும் நிலமதிர ஆடிப் பாடும் அக்குழு மூன்று கிராமி விருதுகளைப் பெற்றுள்ளது. பாதங்கள் மீண்டும் உரத்து மிதிக்கின்றன. அது விடுதலையின் பேறு. ஆயினும் வெளிநாட்டு அரங்குகளின் விருப்பத்துக்கு ஏற்ப மகிழ்ச்சி மட்டுமே ஆபிரிக்க இசை என்றாகிவிடுமாயின், மெல்லடி சுமந்த நினைவு மறக்கப்படும் அபாயமும் உண்டு.

எனவே இக்குழுக்களை மதிப்பிடுவோர், என்ன பாடினர் என்பதோடு எங்கு நின்று, எவர் கேட்க அஞ்சி, எத்தகைய காலடியுடன் பாடினர் என்பதையும் கேட்டல் வேண்டும். சொற்களில் மௌனம் காத்தமையை அவர்தம் குறையாகவே கொள்ளலாம். ஆனால் அம்மௌனத்தையும் சேர்த்துக் கேட்கப் பழகாத திறனாய்வு, பாடலின் பாதியையே கேட்டதாகும்.